தொட்டி வாங்கினா சிலிண்டர் ஃப்ரீ

வாங்கண்ணா, வாங்க வாங்க. ஆவடியிலேருந்து ஃபோன் பண்ணது நீங்கதானே? கதவ மட்டும் சட்டுனு சாத்திடுங்க, ஏசி ஓடுது. ஆங். உக்காருங்க. அய்யோ அங்க இல்ல, அங்க ஸ்பிரிங் போயிடுச்சு, குத்தும். இங்க உக்காருங்க, சிலிண்டர் பக்கத்துல.

மொதல்ல எதுவும் பேசாதீங்க. பாருங்க. அப்படியே தொட்டிய ஒரு தடவ முழுசா பாருங்க.

எப்படி? ஃபோட்டோல பாத்தது ஒண்ணுமே இல்லல்ல? அந்த செவப்புச் செடி இருக்கு பாருங்க, அது கொளத்தூர் கலர் மீன் மார்க்கெட்ல கடக்காரனுக்கே அந்தக் கலர்ல வராது. அவனே வந்து பாத்துட்டு, "தம்பி, பெயின்ட் அடிச்சியா?"ன்னு கேட்டான். இலை மேல குட்டிக் குட்டியா முத்து மாதிரி நிக்குதுல்ல, அது செடி விடற ஆக்சிஜன்ணா. செடி மூச்சு விடறத நீங்க கண்ணால பாக்கறீங்க! உலகத்துல எத்தன பேருக்கு இது கிடைக்கும்?

அதுக்கெல்லாம் காரணம் நீங்க சாஞ்சிட்டிருக்கற அந்தக் கறுப்புச் சிலிண்டர். ஏன் எழுந்துட்டீங்க? உக்காருங்கண்ணா, ஒண்ணும் பண்ணாது.

விஷயத்தச் சொல்லிடறேன், அவசரத்துல இருக்கேன். அஞ்சு மணிக்குத் தாமரை வரா, அவங்க அப்பாவோட. தாமரைன்னா நான் கட்டிக்கப் போற பொண்ணு. கட்டிக்கப் போறேனா இல்லையான்னு இன்னிக்கு அஞ்சு மணிக்குத்தான் தெரியும். "அந்தச் சிலிண்டர் உன் வீட்ல இருந்தா நான் படி ஏற மாட்டேன், நீ போட்ட மோதிரத்தத் திருப்பிக் குடுத்துட்டு அப்படியே போயிடுவேன்"னு சொல்லிட்டா. சொன்னா செய்யற ஆளு. அதனாலதான் செட்டா தர்றேன். தொட்டி, ஸ்டாண்டு, லைட்டு, ஃபில்டர், செடி, மீனு, சிலிண்டர். பிரிச்சுக் குடுக்கறதில்ல. விலை நீங்க சொல்றதுதான். சிலிண்டர் ஃப்ரீ.

இருங்க, ஒரு நிமிஷம். கம்பெனி சாட்டு. நான் வீட்லேருந்தே இன்டர்நெட் கம்பெனிக்குக் கஸ்டமர் சப்போர்ட்டு பாக்கறேன். எவனோ ரெண்டு நாளா நெட்டு வரலன்னு கத்தறான். "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." அவ்வளவுதான், அனுப்பியாச்சு. சொல்லுங்க.

சிலிண்டர் வேண்டாமா? ஏன்ணா? எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. காலைல ஒருத்தர் வந்தாரு, தொட்டிய ரசிச்சாரு, மீனுக்குப் பேரெல்லாம் கேட்டாரு, சிலிண்டரப் பாத்துட்டு "வீட்ல கேட்டுட்டு வரேன்"னு போனவரு போனவருதான். தெரியாதத பாத்தா மனுஷனுக்குப் பயம். நான் முழுசா சொல்றேன், கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நான் எதையும் மறைக்கற ஆளு இல்ல.

செடி இந்த மாதிரி வளரணும்னா தண்ணிக்குள்ள கார்பன்டை ஆக்சைடு விடணும். மொதல்ல நானும் எல்லாரும் பண்ற மாதிரி பாட்டில்ல சக்கரையும் ஈஸ்ட்டும் போட்டுத்தான் விட்டேன். ஹால் பூரா கள்ளு வாட. இந்த வீட்ல நானும் எங்கப்பாவும் மட்டும்தான். அவரு ரயில்வேல ரிட்டயர்டு. ஒரு வாரம் என்னையே மொறச்சுப் பாத்துட்டு, "டேய், குடிக்கறதுன்னா வெளிய போய்க் குடிடா, தண்ணித் தொட்டி பக்கத்துல உக்காந்து என்னடா குடி?"ன்னு கேட்டாரு. அவமானமாப் போச்சு.

சரி, சிலிண்டர்தான் வழின்னு முடிவு பண்ணேன். கடைல புதுசு கேட்டா சொத்த எழுதிக் கேப்பானுங்க. அப்பதான் எனக்கு அந்த ஐடியா வந்துச்சு. தீயணைக்கற சிலிண்டர்! செவப்பா, ஆபீஸ்ல மூலைல தூசி புடிச்சு நிக்குமே. உள்ள இருக்கறது அதே காஸ்தானே? புதுப்பேட்டைப் பக்கம் ஒரு காயலாங்கடைல இடிச்ச கல்யாண மண்டபத்துச் சாமான் வந்திருந்துச்சு. மூணு வாங்கிட்டு வந்தேன். பஸ்ல தூக்கிட்டு வந்தேன்ணா, மடில வெச்சு. கண்டக்டர் டிக்கெட் கேக்கவே பக்கத்துல வரல.

மொதல்ல ஒண்ணத் திறந்தேன். பாத்ரூம்ல. அதுல காஸ் இல்ல, பவுடர். அது எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே செவப்பு. பாத்ரூம் கதவு திறந்து நான் வெளிய வர்றேன், அப்பா என்னப் பாத்துட்டு ரெண்டு கையும் தூக்கிக் கும்பிட்டாரு. அபிஷேகம் முடிஞ்சு வந்த மாதிரி இருந்தேனாம். மூணு நாள் மூக்குலேருந்து பவுடர் வந்துச்சு.

ரெண்டாவது, நீங்க பாக்கறீங்களே, இதுதான். இதுல மீட்டர் இருக்காது. வாயில திருவிழாவுல கட்டற ஸ்பீக்கர் குழாய் மாதிரி கறுப்பா பெருசா ஒண்ணு மாட்டியிருக்கும், தூக்கினா எமனா கனக்கும். அப்படி இருந்தா உள்ள காஸ்னு அர்த்தம். இதெல்லாம் நான் அனுபவத்துல கத்துக்கிட்டது.

மூணாவதா? அது கதைக்குத் தேவையில்ல, விடுங்க.

இப்ப நல்லா கேளுங்க, நான் எவ்வளவு சேஃப்டி பாக்கறவன்னு தெரியும். தீயணைக்கற சிலிண்டருக்குள்ள ஸ்ட்ரா மாதிரி ஒரு நீட்டுக் குழாய் அடி வரைக்கும் போகும். காஸ் உள்ள அழுத்தத்துல தண்ணி மாதிரி திரவமாத்தான் இருக்கும், அந்தக் குழாய் அடியிலேருந்து திரவத்த உறிஞ்சி வெளிய விடும். தீ மேல அடிக்க அது சரி. மீன் தொட்டிக்கு வந்தா ரெகுலேட்டர் காலி. பாதிப் பேருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். அதனால மொட்டமாடில போய் மொத்தக் காஸையும் வெளிய விட்டுட்டு, லேத்துப் பட்டறைல குடுத்து அந்தக் குழாயக் கழட்டச் சொன்னேன். லேத்துக்காரர் "இதெல்லாம் கைவெக்கற சாமானா தம்பி?"ன்னு கொஞ்சம் இழுத்தாரு. பேசி சம்மதிக்க வெச்சேன்.

மாடில விட்டப்போ எதிர்வீட்டு அக்கா வத்தல் காயப் போட்டிருந்தாங்க, அது ஐஸ் கட்டிடுச்சு. அதுக்கு அசோசியேஷன் கூட்டி மாடிச் சாவிய எனக்குத் தரவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. வத்தல் அண்ணா! வெயில்ல வெச்சா மறுபடி காஞ்சிடப் போகுது!

அப்புறம் காஸ் நிரப்பணும். மெயின் ரோட்ல ஒரு கடைக்காரர் சிலிண்டர் கழுத்தத் தடவித் தடவிப் பாக்கறாரு. "கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணது? கழுத்துல வருஷம் அடிச்சிருக்குமே?"ன்னாரு. அடிச்சிருந்துச்சுதான். ஆனா நான் சோஃபாக்கு மேட்ச்சா இருக்கட்டும்னு ரெண்டு கோட்டு கறுப்பு பெயின்ட் அடிச்சிருந்தேன். வருஷம் உள்ள போயிடுச்சு. "வருஷம் தெரியாம நிரப்ப மாட்டேன், வெடிச்சா யாரு பொறுப்பு?"ங்கறாரு. சிலிண்டர் கல்லு மாதிரி இருக்கு, எங்க வெடிக்கும்? நேரா ஒரு சோடா கம்பெனிக்குப் போனேன். அந்த அண்ணன் கேள்வியே கேக்கல. நிரப்பும்போது மட்டும் சுவத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்னாரு. தொழில் பக்தி.

ரெகுலேட்டர் மாட்டறப்ப லேசா சீறுச்சு. அது ஒரு விஷயமே இல்ல, சமையல் காஸ் வாஷர் ஒண்ணு கிச்சன் டிராயர்ல கிடந்துச்சு, எடுத்துப் போட்டேன். சும்மா கும்முனு உக்காந்துச்சு. ரெண்டு நாள்ல கொஞ்சம் உப்பின மாதிரி ஆச்சு. உப்பினா இன்னும் டைட்டாத்தானே ஆகும்?

அவ்வளவுதான்ணா. செடியெல்லாம் பிச்சுக்கிட்டு வளந்துச்சு. ஜன்னல்ல பூரா பேப்பர் ஒட்டிட்டேன், வெயில் பட்டா பாசி புடிக்கும். ஏசி போட்டு ஹால மூடியே வெச்சிருப்பேன். தொட்டிக்குள்ள அந்தக் கண்ணாடிக் குப்பி தெரியுதா? அதுதான் மீனோட உயிர். நீலமா இருந்தா காஸ் கம்மி, பச்சைன்னா கரெக்ட், மஞ்சளாச்சுன்னா மீனுக்கு மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். எந்த வேலைல இருந்தாலும் அது மேல ஒரு கண்ணு வெச்சுக்கிட்டே இருப்பேன். ஒரு நாள் ஏஞ்சல் மீனு ரெண்டு மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுது. எனக்கு உயிரே போச்சு. உடனே மூடியத் திறந்து, காத்து மோட்டார் போட்டு, பக்கத்துலயே உக்காந்து தேத்தினேன்.

அப்பாவா? அவரு அப்ப ஹால்லதான் பாய் போட்டுத் தூங்குவாரு, கட்டில் ஆகாது. கொஞ்ச நாளா காலைல எழுந்ததும் மண்டைய புடிச்சுக்கிட்டு உக்காந்துப்பாரு. மூச்சு வாங்குதுன்னாரு. வயசாச்சுல்ல. நான் தைலம் வாங்கிக் குடுத்தேன்.

நீங்க ஏன் நெத்தியத் தேய்க்கறீங்க? தலவலியா? ஆவடியிலேருந்து வெயில்ல வந்தீங்கல்ல. இந்தாங்க, தைலம் இருக்கு.

ஜன்னலா? வேண்டாம்ணா, பேப்பர் கிழிஞ்சிடும். போன மாசம்தான் திருப்பி ஒட்டினேன். ஏன் கிழிஞ்சுதுன்னா, அதத்தான் சொல்ல வரேன்.

தாமரை வீட்லேருந்து எங்க வீட்டப் பாக்க வந்தாங்க. அவ, அவங்கப்பா, அவங்கம்மா கலாவதி அத்தை. நல்ல மனுஷங்க. மாமா வந்ததும் சோஃபால உக்காந்து தொட்டியப் பாத்தாரு. பாத்துட்டு, "மாப்ள, இது டிவிய விட நல்லா இருக்கு"ன்னாரு. மாப்ள! வாயால சொல்லிட்டாரு! எனக்குத் தலகால் புரியல. தாமரை தொட்டி முன்னாடி மண்டி போட்டு உக்காந்து, ஏஞ்சல் மீனு அவ விரல் பின்னாடியே போகுது, "குகா, இதுக்கு என்னத் தெரியுதுடா"ன்னு சிரிக்கறா. அந்த நிமிஷம் நான் கல்யாண மண்டபத்துக்கே போயிட்டேன். இடிக்காத மண்டபம்.

அன்னிக்குப் பாத்து குமிழி சரியா வரல. "காஸ் தீரப் போகுது போல அத்தை, இல்லன்னா இன்னும் அழகா இருக்கும்"னு சொல்லிட்டு நான் பஜ்ஜி எடுக்க உள்ள போனேன். காஸ் தீரலங்கறது அப்புறம்தான் தெரிஞ்சுது. குமிழி வர்ற கல்லுல பாசி அடச்சிருந்துச்சு. சிலிண்டர்ல ஃபுல்லா காஸ் இருந்துச்சு.

இப்ப நீங்களே சொல்லுங்க, உங்க வீட்ல சாம்பார் பாதி கொதிக்கும்போது காஸ் தீந்தா என்ன பண்ணுவாங்க? சிலிண்டரப் படுக்க வெச்சு ஒரு உருட்டு உருட்டுவாங்கல்ல? அத்தை அதத்தான் பண்ணாங்க. எனக்கு உதவி பண்றதா நெனச்சு, சிலிண்டரச் சாச்சு, பக்குவமா தரைல படுக்க வெச்சு, காலால ஒரு உருட்டு.

நான் அவ்வளவு கஷ்டப்பட்டுக் குழாயக் கழட்டினது நேரா நிக்கற சிலிண்டருக்கு. படுத்துட்டா திரவம் தானா வாய்க்கு வந்துடும். வந்துடுச்சு.

டமார்னு ஒரு சத்தம். ரெகுலேட்டர் மீட்டர் பறந்து போய் காலண்டர்ல முருகன் பக்கத்துல சொருகி நின்னுச்சு. டியூபு பாம்பு மாதிரி எழுந்து ஹால் பூரா ஆடுது. வெள்ளப் புகை. ஐஸ் தூள். அத்தை பட்டுப்புடவைல பனி! மாமா சோஃபா மேல ஏறி நின்னு "கலா, கலா"ங்கறாரு. அத்தை ஓடல, நின்ன எடத்துலயே "நான் லேசாத்தான் உருட்டினேன்"னு சொல்லிக்கிட்டே நிக்கறாங்க. என் கையில பஜ்ஜித் தட்டு.

நான் முதல்ல என்ன பாத்தேன்? குப்பி. பளிச்சுனு மஞ்ச! டியூபு பிச்சுக்கிட்டுப் போறதுக்குள்ள ஏகப்பட்ட காஸ் தண்ணிக்குள்ள எறங்கியிருக்கு. அப்புறம் நான் யோசிக்கவே இல்லண்ணா. தட்ட வீசிட்டு, வலைய எடுத்து, பக்கெட்ல நல்ல தண்ணி புடிச்சு, ஏஞ்சல் மீனு ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டேன். ஒண்ணு கூடச் சாகல! அதுக்கு ஒருத்தர் கூட ஒரு வார்த்த பாராட்டல.

சிலிண்டர மூடினதா? அது தாமரை. ஓடிப் போய் வெறும் கையால வால்வப் புடிச்சுத் திருகிட்டா. அது ஐஸை விடக் குளுரா இருக்கும்ல, உள்ளங்கைத் தோல் கொஞ்சம் அங்கயே ஒட்டிக்கிச்சு. அப்புறம் ஜன்னல் பேப்பரையெல்லாம் கிழிச்சு எறிஞ்சா. அந்தக் காஸ் கனம், தரையோட தரையா தேங்கும். எங்கப்பா பாய்ல சாஞ்சிருந்தாரு, கண்ணு சொருகிடுச்சு. அவரயும் அவதான் கக்கத்துல கை குடுத்து வாசல் வரைக்கும் இழுத்துட்டுப் போனா. அந்தக் கையோட. எல்லாரும் அவங்கவங்களால முடிஞ்சதப் பண்ணோம்.

ஒரு நிமிஷம். "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." இவன் விட மாட்டேங்கறான்.

அப்புறம் மாடிப்படில உக்காந்திருக்கா, கைய ஈரத்துணில சுத்திக்கிட்டு. நான் பக்கெட்டோட போய் நின்னேன்.

"குகா, நீ என்னப் பாத்தியா?"ன்னு கேட்டா.

"பாத்தேனே. தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தே."

"உங்கப்பாவ?"

"அப்பா நடந்து போயிடுவாரு தாமரை. மீனுக்குக் காலா இருக்கு?"

நியாயம்தானே? எழுந்து போயிட்டா. அப்புறம் ஒரு மாசம் கையில கட்டு. மோதிர விரல் வீங்கி மோதிரம் ஏறல, கழுத்துச் செயின்ல கோத்துப் போட்டிருக்கா. நான் சும்மா இருக்கல, மெசேஜ் அனுப்பினேன். "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு. பழக்கத்துல வந்துடுச்சு. அதுக்கு ரெண்டு வாரம் பேசல. அப்புறம் ஃபோன் பண்ணிச் சொன்னதுதான் இந்த அஞ்சு மணிக் கதை. நல்லா கவனிங்க, தொட்டிய விக்கச் சொல்லி அவ கேக்கவே இல்ல. மீனு அவளுக்கு உயிரு. சிலிண்டர் மட்டும் போகணுமாம். சிலிண்டர யாரு தனியா வாங்குவா? அதான் தொட்டியச் சேத்து விக்கறேன்.

வேற எல்லா வழியும் பாத்துட்டேன்ணா. காயலாங்கடைக்காரன் காஸோட இருக்கறத உள்ளயே விடல. தெருமுனைல குப்பத்தொட்டிக்குப் பக்கத்துல வெச்சிட்டு வந்தேன். கீழ் வீட்டுக்காரர் தூக்கிட்டு வந்து, "தம்பி, உங்க கொழந்தைய மறந்துட்டீங்க"ன்னு வாசல்ல வெச்சிட்டுப் போறாரு.

அப்பா எங்கயா? இருக்காரு, உள்ள ரூம்ல தூங்கறாரு. அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் ஹாலே வேண்டாம்னு உள்ள போயிட்டாரு. பாவம், அங்கயும் தலவலி தீரல. அப்ப சிலிண்டர் மேல பழி போட்டது தப்புதானே? நான் சொன்னா யாரு கேக்கறா.

மணி என்ன? அய்யய்யோ. அண்ணா, முடிவாச் சொல்லுங்க. காஸ் இருக்கறதுதான் உங்களுக்குப் பயமா? அவ்வளவுதானே? இதோ, இப்பவே வால்வத் திறந்து காலி பண்ணிடறேன். காலிச் சிலிண்டர்னா வெறும் இரும்புதான். மாடிக்குத்தான் விட மாட்டாங்க, இங்கயே ஹால்ல விட்டுடலாம். சத்தம் கொஞ்சம் வரும், எதிர்வீட்டு அக்கா வந்துடுவாங்க. நீங்க அந்த வாசக் கதவுத் தாழ்ப்பாள மட்டும் நல்லா போட்டுடுங்க. அப்பா எழுந்துக்காம இருக்க நான் அவரு ரூம் கதவச் சாத்திடறேன்.

அண்ணா? என்ன, நீங்களே தூக்கிட்டீங்க?

எடுத்துக்கறீங்களா? நெஜமாவா? அப்படிச் சொல்லுங்க! பாத்ததும் நெனச்சேன், நீங்க ரசிக்கத் தெரிஞ்சவருன்னு. மெதுவா, மெதுவா. ஏன் இப்படி ஓடறீங்க? நேரா புடிங்கண்ணா, படுக்க வெச்சிடாதீங்க! பாத்தீங்களா, நான் சேஃப்டி பாக்கறவன். வண்டியில கட்டறப்பவும் நேரா நிக்க வெச்சுக் கட்டுங்க.

அண்ணா! தொட்டி? தொட்டிய விட்டுட்டுப் போறீங்களே! காசு வேண்டாம், தொட்டிய அப்புறம் வந்து கூட எடுத்துக்கோங்க. என்னது? தொட்டி வேண்டாமா? சிலிண்டர் மட்டும் போதுமா?

தெய்வம்ணா நீங்க. தொட்டியும் தங்குச்சு, மீனும் தங்குச்சு, சிலிண்டரும் போச்சு. தாமரைகிட்டச் சொன்னா நம்ப மாட்டா.

அண்ணா, ஒரு நிமிஷம் நில்லுங்க! போயிட்டீங்களா? படிதானே எறங்கறீங்க, கேக்குதா? இன்னொண்ணும் இருக்குண்ணா! அதான் அந்த மூணாவது! சோடா கம்பெனில அதையும் நிரப்பி ஸ்பேருக்கு வெச்சிருக்கேன்! லேசா சீறிக்கிட்டுதான் இருக்கு, ஆனா நல்ல சிலிண்டர்! அப்பா கட்டில்ல படுக்க மாட்டாருல்ல, ரூம்ல அவரு தலமாட்டுலதான் நிக்க வெச்சிருக்கேன்! வந்தீங்கன்னா அதையும் ஃப்ரீயாவே...

தாமரை.

நீ எப்ப வந்த? மாமா, வாங்க. அங்கயே ஏன் நிக்கறீங்க, மேல வாங்க. அந்த அண்ணனுக்கு வழி விடுங்க, அது கனம். தாமரை, எங்க ஓடற? அது அப்பா ரூமு, அவரு தூங்கறாரு. இங்க வந்து பாரு, மீனெல்லாம் நல்லா இருக்கு.